பத்துப் பேர் பட்டியலில் இல்லாதவர்கள்

கேள்வி: பெண்கள் ஐஸ் ஹாக்கியின் வரலாறு, தலைசிறந்த வீராங்கனைகள் பற்றி ஒரு கட்டுரைக்குத் தகவல் திரட்டி வருகிறேன். 1998 நாகானோ ஒலிம்பிக்கில்தான் இந்த விளையாட்டு தொடங்கியது என்பதால் சொல்லிக்கொள்ளும்படியான வரலாறு இருக்காது என்று நினைக்கிறேன். எனவே பதக்கங்களையும் கோல்களையும் வைத்து முதல் பத்துப் பேரை வரிசைப்படுத்தித் தந்தால் போதும். முதல் இடம் கனடாவின் ஹேலி விக்கன்ஹைசருக்குத்தானே?
– வாசகர் ஒருவர்

பதில்: கட்டுரையை முடித்துவிட்டு ஆராய்ச்சியைத் தொடங்கியிருக்கிறீர்கள். தொடக்க ஆண்டு தயார், முதல் இடம் தயார், மிச்சம் ஒன்பது பெயர்கள்தான் பாக்கி. அந்த ஒன்பதையும் இரண்டு நிமிடத்தில் எழுதித் தந்துவிடலாம். தரப்போவதில்லை.

முதலில் அந்த 1998. அது ஒலிம்பிக் அமைப்பு கதவைத் திறந்த ஆண்டு. வாசலில் பெண்கள் நிற்கத் தொடங்கி அதற்குள் நூறு வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. 1890 வாக்கில் ஒட்டாவாவில், கனடாவின் கவர்னர் ஜெனரல் மாளிகையான ரிடோ ஹாலின் பனித்தளத்தில் எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கிறது. தரையைத் தொடும் பாவாடைகளோடு பெண்கள் ஸ்டிக் பிடித்து ஆடுகிறார்கள். வெள்ளை உடையில் இருப்பவர் இசபெல் ஸ்டான்லி. கவர்னர் ஜெனரல் ஸ்டான்லி பிரபுவின் மகள். அப்பா 1892இல் நன்கொடையாகத் தந்த கோப்பைதான் இன்றைக்கு ஆண்கள் ஹாக்கியின் உச்சமான ஸ்டான்லி கோப்பை. அப்பா ஆடியதாகத் தகவல் இல்லை. அவர் பெயர் கோப்பையில் இருக்கிறது. ஆடிய மகள் புகைப்படத்தில் இருக்கிறார்.

உங்கள் பத்துப் பேர் பட்டியலின் கோளாறு இதுதான். யார் எப்படி ஆடினார் என்பதை அது சொல்லாது. யாருடைய ஆட்டத்தை எழுதி வைத்தார்கள் என்பதைத்தான் சொல்லும்.

முதல் உலகப் போரின்போது ஆண்கள் களம் போனதும் பனித்தளங்கள் காலியாகின. 1915இல் மான்ட்ரியாலில் பெண்களுக்கென்று ஒரு லீக்கே தொடங்கியது. டிக்கெட் வாங்கிப் பார்க்கக் கூட்டம் வந்தது. கார்ன்வால் விக்டோரியாஸ் அணிக்கு ஆல்பெர்ட்டீன் லாபான்சே என்றொரு பெண் கோலுக்கு மேல் கோல் போட்டுத் தள்ளினார். ‘இவர் பெண்ணே இல்லை, ஆண்’ என்று எதிரணியினர் புகார் கிளப்பினார்கள். சில பருவங்களிலேயே ஆட்டச் செய்திகளிலிருந்து அவர் காணாமல் போகிறார். அதன்பிறகு அவரைப் பற்றி எழுதப்பட்டதில் வதந்தி எது, உண்மை எது என்று பிரிப்பது சிரமம். அப்படிப்பட்டவரை ஏழாவது இடத்தில் வைப்பீர்களா, எட்டாவது இடத்திலா?

1927இல் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் கோல்கீப்பர் எலிசபெத் கிரஹாம், வாள்வீச்சுக்காரர்கள் அணியும் கம்பிவலை முகமூடியை மாட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார். ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பர் முகமூடி அணிந்ததற்குக் கிடைக்கும் முதல் பதிவு அது. ஆண்கள் அணிக் கோல்கீப்பர் ஷாக் பிளான்ட் 1959இல் அணிந்ததைத்தான் ஆண்கள் ஆட்டத்தின் புரட்சி என்று கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும், 32 வருடம் பிந்திய புரட்சி.

1931 முதல் 1940 வரை ஒன்டாரியோ மாகாணத்தின் பிரஸ்டன் என்ற சிற்றூரிலிருந்து ரிவ்யுலெட்ஸ் என்ற அணி கனடாவையே ஆட்டிவைத்தது. கோடையில் சாஃப்ட்பால் ஆடிய பெண்கள், குளிர்காலத்தில் என்ன செய்வது என்று யோசித்துத் தொடங்கிய அணி. அதன் நட்சத்திரம் ஹில்டா ரான்ஸ்கோம். சுமார் 350 ஆட்டங்களில் இரண்டே தோல்வி என்ற கணக்கை எல்லோரும் எழுதுகிறார்கள். நீங்களும் எழுதத்தான் போகிறீர்கள். பத்து வருடத்தில் ஆடிய ஆட்டங்கள் அவ்வளவு உருண்டையான எண்ணில் வந்து நிற்குமா? சந்தேகப்படுங்கள். அந்தக் காலச் செய்தித்தாள்களை எடுத்து ஆட்டம் ஆட்டமாக எண்ணிப் பாருங்கள். உங்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. அன்றைய கனடியப் பத்திரிகைகளில் பெண்கள் விளையாட்டுக்கென்றே பத்தி எழுதிய பெண்கள் இருந்தார்கள்: டொரண்டோவில் அலெக்ஸாண்ட்ரின் கிப், ஃபிலிஸ் கிரிஃபித்ஸ், பாபி ரோசன்ஃபெல்ட், மான்ட்ரியாலில் மர்டில் குக். இவர்களில் ரோசன்ஃபெல்டும் குக்கும் 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர்கள். ரோசன்ஃபெல்ட் ஐஸ் ஹாக்கியும் ஆடியவர். ஆட்டம் தெரிந்தவர்கள் எழுதிய அந்தப் பத்திகளைப் படிக்காமல், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிய பட்டியல்களை ஆராய்ச்சி என்று சொல்லாதீர்கள்.

அடுத்த உலகப் போரோடு எல்லாம் அடங்கியது. முதல் போர் கதவைத் திறந்தது, இரண்டாவது போர் மூடியது. வரலாற்றுக்கு இப்படியும் குசும்பு உண்டு. 1955இல் டொரண்டோவில் ஒரு சிறுமி ஹாக்கி ஆட ஆசைப்பட்டாள். பெண்களுக்கு அணி இல்லை. தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தவள், ‘ஆப் ஹாஃப்மன்’ என்ற பெயரில் பையன்கள் லீக்கில் சேர்ந்தாள். உடுப்பை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு வந்துவிடுவாள். பருவம் முழுக்க ஒருவருக்கும் சந்தேகம் எழவில்லை. நன்றாக ஆடியதுதான் வினையாகப் போனது: சிறந்த வீரர்களைத் திரட்டிய அணிக்குத் தேர்வானபோது பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார்கள். ஆபிகெய்ல் என்று இருந்தது. அந்த ஆபி ஹாஃப்மன் பின்னர் 800 மீட்டர் ஓட்டக்காரராகி நான்கு ஒலிம்பிக்குகளில் ஓடினார். 1976இல் மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் கனடாவின் கொடியை ஏந்தி வந்தவர் அவர்தான். 1982இல் தொடங்கிய கனடாவின் பெண்கள் தேசியக் கோப்பைக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள்.

ஹாஃப்மன் பையன்கள் லீக்கில் ஆடி 30 வருடம் கழித்தும் ஜஸ்டின் ப்ளேனி என்ற டொரண்டோ சிறுமி, பையன்கள் அணியில் ஆட நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. 1986இல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. இதில் உங்கள் கட்டுரைக்கு அவசியமான முரண் ஒன்று உண்டு: ஒன்டாரியோவின் பெண்கள் ஹாக்கி சங்கமே அவரை எதிர்த்தது. நல்ல வீராங்கனைகள் எல்லாம் பையன்கள் அணிக்குப் போய்விட்டால் பெண்கள் லீக் என்னாவது என்ற பயம். அந்தப் பயம் அர்த்தமற்றது என்று ஒதுக்கிவிட முடியாது. அதே சங்கம்தான் 1987இல் டொரண்டோவில் முதல் உலகப் போட்டியை நடத்திக் காட்டியது. அதற்குச் சர்வதேச அங்கீகாரம் கிடைக்கவில்லை. அங்கீகாரத்துக்கு வழி பிறந்தது.

1990இல் ஒட்டாவாவில் முதல் அதிகாரபூர்வ உலகச் சாம்பியன்ஷிப். கனடா அணிக்கு இளஞ்சிவப்புச் சீருடை கொடுத்தார்கள். கூட்டத்தை இழுக்க இப்படியொரு யோசனை! ஆட்டமோ இளஞ்சிவப்பாக இல்லை. உடலால் மோதித் தள்ள அப்போது விதி அனுமதித்தது. இறுதியாட்டத்தில் சுமார் 9,000 பேர் முன்னிலையில் கனடா 5-2 என அமெரிக்காவை வென்றது.

அந்தப் போட்டியில் 5 ஆட்டங்களில் 11 கோல்கள் அடித்தவர் ஏஞ்சலா ஜேம்ஸ். டொரண்டோவின் எளிய குடியிருப்பில் வளர்ந்த கறுப்பினப் பெண். 1990, 1992, 1994, 1997 என நான்கு உலகப் பட்டங்கள். ஒலிம்பிக்கில் பெண்கள் ஐஸ் ஹாக்கி நுழைந்தபோது அவருக்கு 33 வயது. நாகானோ அணியின் இறுதித் தேர்வில் அவரைக் கழித்துவிட்டார்கள். இறுதியாட்டத்தில் கனடா 3-1 என அமெரிக்காவிடம் தோற்றது. ஜேம்ஸ் இருந்திருந்தால் என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. நீங்கள் பதக்கம் எண்ணினால் இவருக்கு ஒலிம்பிக் கணக்கில் கிடைப்பது பூஜ்யம். ஆனால் 2010இல், ஆட்டத்தின் தலைசிறந்தவர்களைக் கௌரவிக்கும் டொரண்டோ ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேம் முதன்முறையாகப் பெண்களைச் சேர்த்தபோது, நாகானோவில் தங்கம் வென்ற அமெரிக்கக் கேப்டன் கேமி கிரனாட்டோவோடு உள்ளே போனவர் இவர்தான்.

அந்த அமைப்புக்கும் ஒரு குட்டு வைக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு பெண்கள் வரை சேர்க்கலாம் என்று விதி. 2011, 2012, 2014, 2016இல் ஒருவரைக்கூடச் சேர்க்கவில்லை. 2025 வரை சேர்ந்த வீராங்கனைகள் எல்லோருமே 1990க்குப் பிந்திய உலகப் போட்டிகளில் ஆடியவர்கள். ஹில்டா ரான்ஸ்கோமுக்கு இன்னும் இடமில்லை. உங்கள் 1998 போல அவர்களுக்கு ஒரு 1990.

கோல் கணக்கு என்கிறீர்கள். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் கனடா 18-0 என ஸ்லோவாக்கியாவை வென்றது. அந்த ஸ்லோவாக்கியா அங்கே வருவதற்கு முன், 2008 தகுதிச் சுற்றில் பல்கேரியாவை 82-0 என வீழ்த்தியிருந்தது. 60 நிமிட ஆட்டத்தில் 82 கோல் என்றால் 44 விநாடிக்கு ஒன்று. இவற்றையெல்லாம் கூட்டிப் போட்டு யாரை யாரோடு ஒப்பிடுவது? இந்த ஆட்டத்தில் நீண்ட காலம் எடைபோடத் தகுந்த தராசு ஒன்றுதான்: கனடாவும் அமெரிக்காவும் மோதும் இறுதியாட்டம்.

அந்தத் தராசில் நிறுத்தினால் கனடாவின் மாரி-ஃபிலிப் புலேன் முன்னால் யாரும் நிற்க முடியாது. 2010 இறுதியாட்டத்தில் 18 வயதில் இரண்டு கோல். கனடா வென்றது 2-0. 2014 சோச்சியில் அமெரிக்கா 2-0 என முன்னிலையில் இருக்க, மூன்றரை நிமிடம்கூட மிச்சமில்லாதபோது கனடா ஒரு கோலைத் திருப்பியது. பிறகு கோல்கீப்பரை வெளியே அழைத்துக்கொண்டு ஆறாவது ஆட்டக்காரரை இறக்கியது. அமெரிக்காவின் கெல்லி ஸ்டாக் தள்ளிவிட்ட பக், அதாவது ஆட்டத்தின் ரப்பர் வட்டு, ஆளில்லாத கோலை நோக்கி நிதானமாகச் சறுக்கிப் போனது. தொட ஆளில்லை; பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வழியுமில்லை. இடதுபக்கக் கம்பத்தில் பட்டு விலகியது. 54.6 விநாடிகள் மிச்சமிருக்கையில் புலேன் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலையும் அவரே அடித்தார். 2018இல் ஒரு கோல். அணி ஷூட்-அவுட்டில் தோற்றது. 2022இல் மறுபடியும் இரண்டு, தங்கம். தொடர்ந்து நான்கு ஒலிம்பிக் இறுதியாட்டங்களில் கோல் அடித்தவர் ஆண்களிலும் இல்லை.

இரு நாடுகளுக்கு வெளியே பார்க்க மறக்காதீர்கள். பின்லாந்தின் ரீக்கா சல்லினென் 1998இல் வெண்கலம் வென்றார்; 2018இல் 44 வயதில் மறுபடியும் வென்றார். 2006 டுரின் அரையிறுதியில் ஸ்வீடன் கோல்கீப்பர் கிம் மார்ட்டின் அமெரிக்காவை ஷூட்-அவுட்டில் இறுதியாட்டத்துக்குப் போகவிடாமல் தடுத்தார். 2019 உலகப் போட்டி இறுதியில் பின்லாந்து கூடுதல் நேரத்தில் கோல் அடித்துக் கொண்டாடியே விட்டது. வீடியோவைப் பார்த்து நடுவர்கள் கோலை ரத்து செய்ய, பட்டம் அமெரிக்காவுக்குப் போனது.

இனி உங்கள் விக்கன்ஹைசர். நான்கு ஒலிம்பிக் தங்கம், ஒரு வெள்ளி. ஒலிம்பிக்கில் 18 கோல். 2000 சிட்னியில் சாஃப்ட்பால் ஆடினார். 2003இல் பின்லாந்தின் ஆண்கள் லீக் ஒன்றில் கோல் அடித்தார். ஓய்வுக்குப் பின் மருத்துவரானார். மனுஷி சாதாரணப்பட்டவர் அல்ல. ஆனாலும் என் கணக்கில் புலேனுக்கு அடுத்துதான். மறுப்பிருந்தால் தாராளமாக எழுதுங்கள், பிரசுரிக்கிறேன். 18-0 ரக ஆட்டங்களின் கோல்களைக் கழித்துவிட்டு எழுதுங்கள்.