அறுபத்தாறுக்கு ஆறு (கடிதம்)

மதிப்பிற்குரிய அம்மா,

என் மகள் அமெரிக்காவில், மேற்கு வர்ஜீனியாவின் ஹண்டிங்டன் நகரில் உள்ள மார்ஷல் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். தேர்வு நேரத்தில், நவம்பர் 14 அன்று, குளிரில் ஒரு நீரூற்றின் முன்னால் இரண்டு மணிநேரம் நின்றிருக்கிறாள். 1970இல் விமான விபத்தில் இறந்த கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம்) அணியின் நினைவாக வருஷாவருஷம் அன்று அந்த நீரூற்றை நிறுத்துகிறார்களாம். போனில் சொல்லும்போது அழுதாள். "படிக்கப் போனாயா, பந்து பார்க்கப் போனாயா" என்று கேட்டுவிட்டேன். அதிலிருந்து சரியாகப் பேசுவதில்லை.

இறந்தவர்களுக்கு அஞ்சலி என்றால் புரிகிறது. ஆனால் அடுத்த வருஷம் ஆடிய அணியையும் அங்கே தெய்வம்போலப் பேசுகிறார்களாம். தேடிப் பார்த்தேன். பத்து ஆட்டத்தில் எட்டில் தோல்வி! இதில் கொண்டாட என்ன இருக்கிறது? கோச்களுக்குக் கோடிகோடியாகக் கொட்டிக்கொடுத்து விளையாட்டைத் தலையில் தூக்கிவைத்து ஆடுவது ஒரு கல்வி நிறுவனத்துக்கு அழகா? நீங்கள் இதைப் பற்றி எழுத வேண்டும்.

கே., திருச்சி

அன்புள்ள கே.,

சம்பள விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அமெரிக்காவின் பல மாநிலங்களில் மிக அதிகச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர் கவர்னர் இல்லை, பல்கலைக்கழகத்தின் கோச்தான். அது சரியில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். உங்கள் மகள் அழுததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு மணிநேரம் படிக்காததால் அவள் கெட்டுப்போகவும் மாட்டாள்.

ஆனால் "எட்டில் தோல்வி" என்று எழுதி ஓர் ஆச்சரியக்குறி போட்டிருக்கிறீர்களே, அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. எண்ணிக்கையைத் தேடிப் பார்த்தவர் அந்த எட்டு ஆட்டத்தையும் ஆடியது யார் என்று தேடியிருக்க வேண்டாமா?

1970 நவம்பர் 14, சனிக்கிழமை. வட கரோலினாவில் ஈஸ்ட் கரோலினா அணியிடம் 17–14 என்று தோற்றுவிட்டு, தனி விமானத்தில் மார்ஷல் அணி ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. மழை, மூட்டம். ஓடுபாதைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மேட்டில் மரங்களில் மோதி விமானம் விழுந்தது. உள்ளே இருந்த 75 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அதில் ஆட்டக்காரர்கள் 37 பேர். தலைமை கோச் போய்விட்டார். அணிக்குத் துணையாகப் போயிருந்த ஊர்ப் பெரியவர்கள், டாக்டர்கள், அவர்களுடைய மனைவிமார் போய்விட்டார்கள். 70 குழந்தைகள் அம்மாவையோ அப்பாவையோ இழந்தன. அவர்களில் 18 பேருக்கு இருவருமே இல்லாமல் போனார்கள். ஹண்டிங்டன் சின்ன ஊர். துக்கம் விழாத வீடே மீதி இல்லாத மாதிரி இருந்திருக்கும்.

அடுத்த வருஷம் அணி வேண்டுமா வேண்டாமா என்று பேச்சு எழுந்து, வேண்டும் என்று முடிவானது. ஒஹாயோவில் ஒரு சிறிய கல்லூரியில் கோச்சாக இருந்த ஜாக் லெங்யெல் வந்தார். ஆள்? அடிபட்டதால் அன்று விமானத்தில் போகாமல் தப்பித்த சிலர் இருந்தார்கள். நேட் ரஃபின் அப்படித்தான் மிஞ்சினார். அப்புறம் சாக்கர் (நாம் கால்பந்து என்று சொல்வது), கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தவர்கள். முதலாமாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆட அப்போது விதி இடம் தரவில்லை. மார்ஷலுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் முடித்துச் சில மாதங்களே ஆன பையன்கள், நான்கு வருஷம் உடம்பை ஏற்றிய ஆட்டக்காரர்களுக்கு எதிரே போய் நின்றார்கள். அதே மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகத்தின் கோச் பாபி பௌடன் தன் அணியின் ஆட்ட முறையையே லெங்யெலுக்குத் திறந்து காட்டினார். தன்னோடு போட்டிபோடுகிறவர்களுக்கு இதைச் செய்தார் என்பதைக் கவனியுங்கள்.

1971 செப்டம்பர் 25 அன்று, சொந்த மைதானத்தில், சேவியர் அணியை 15–13 என்று ஜெயித்தார்கள். கடைசி விநாடியில் ரெஜி ஆலிவர் வீசிய பந்தை டெர்ரி கார்ட்னர் வாங்கிக்கொண்டு ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டினார். மைதானத்தை விட்டுப் போகாமல் ஜனங்கள் அழுதுகொண்டே நின்றார்களாம்.

கதை சொல்கிறவர்கள் இங்கே நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அடுத்த சனிக்கிழமை அந்தப் பையன்கள் மறுபடி பஸ் ஏறி மயாமி அணியோடு ஆட ஒஹாயோவுக்குப் போனார்கள். ஃப்ளோரிடா மயாமி இல்லை, இது வேறு. அங்கே 66–6 என்று தோற்றார்கள். இந்த ஆட்டத்தில் அந்த எண் என்றால், எதிரணி நினைத்தபோதெல்லாம் எல்லைக்கோட்டைத் தாண்டியது, இவர்கள் மாலை முழுவதும் கீழே விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள் என்று அர்த்தம். அதற்கு அடுத்த வாரமும் உடுப்பை மாட்டிக்கொண்டு போய் நின்றார்கள். அக்டோபர் கடைசியில் பௌலிங் கிரீன் அணியை 12–10 என்று ஜெயித்தார்கள். அந்தப் பருவத்தில் வெற்றி அவ்வளவுதான். தோல்விகளைவிட வெற்றிகள் அதிகமாக இருந்த ஒரு பருவத்தைப் பார்க்க அந்தப் பல்கலைக்கழகம் 1984 வரை காத்திருந்தது. 1990களில் அவர்கள் வாங்கிய கோப்பைகளைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதலாம். 1972, 73, 74 என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்த் தோல்வியைப் பார்த்துவிட்டு வந்தவர்களைப் பற்றி எழுதத்தான் ஆள் இல்லை.

என் தங்கை மகன் ஹண்டிங்டனில் டாக்டராக இருந்தபோது ஒரு ஜனவரியில் அங்கே போயிருந்தேன். நீரூற்று வறண்டு கிடந்தது. நவம்பரில் நிறுத்தினால் வசந்தம் வரும்வரை திறப்பதில்லை. 13 அடி உயரம், பச்சை பாய்ந்த உலோகத் தண்டுகள். அதைச் செய்த ஹாரி பெர்டோயா, இது சாவுக்கான சின்னமாக இல்லாமல் உயிரோடிருப்பவர்களுக்கானதாக இருக்க வேண்டும் என்று விரும்பினார். ஊரைப் பார்த்தபடி இருக்கும் ஸ்ப்ரிங் ஹில் கல்லறைத் தோட்டத்துக்கும் போனேன். யார் யார் என்று அடையாளம் தெரியாத ஆறு ஆட்டக்காரர்களை அங்கே பக்கம்பக்கமாகப் புதைத்திருக்கிறார்கள். 2001இல் இறந்த நேட் ரஃபின் தன் நண்பர்களுக்கு அருகில் போய்ப் படுத்துக்கொண்டார்.

அங்கே பனியைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். 71இல் அவருக்குப் பன்னிரண்டு வயது. சேவியர் ஆட்டத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தாராம். ஆனால் அதைப் பற்றிச் சொல்லவில்லை. அந்த மயாமி ஆட்டத்தை ரேடியோவில் கேட்டதைத்தான் சொன்னார். அவருடைய அப்பாவின் இரண்டு நண்பர்கள் விமானத்தில் இருந்தவர்கள். நாற்பது புள்ளி ஆனதும் இவர் எழுந்து ரேடியோவை அணைக்கப் போனாராம். அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். "பையன்கள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்" என்றாராம். கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் இருவரும் சாப்பிடப் போனார்கள்.

உங்கள் கடிதத்துக்கு நான் பதில் எழுத உட்கார்ந்ததே இதனால்தான். என் கணவர் இறந்த வருஷம் பதினொரு கதைகள் எழுதினேன். அதில் ஒன்றுகூட நல்ல கதை இல்லை, எழுதும்போதே எனக்குத் தெரியும். மேஜையில் போய் உட்காராவிட்டால் அந்த வீட்டில் என்னால் இருக்க முடியாது, அதனால் எழுதினேன். கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள், பழைய பெயரைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்று நல்ல மனதோடு சொன்னவர்கள் பலர். ஒரு சிற்றிதழ் ஆசிரியர் மட்டும் நான்கை வாங்கிப் போட்டார். ஒவ்வொரு முறையும் கதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், அடுத்தது எப்போது அனுப்புகிறீர்கள் என்று கேட்டார். இப்போது யோசித்தால், ரேடியோவை அணைக்கவிடாத அந்த அப்பா செய்ததும் அதுதான்.

நீங்கள் கெட்ட அப்பா இல்லை. மகள் தூரத்தில் இருக்கிறாள், படிப்பு கெட்டுவிடுமோ என்று பயம். ஆனாலும் சொல்கிறேன், அது கேட்கக் கூடாத கேள்வி. தனக்கு முன்பின் தெரியாத பையன்களுக்காகக் குளிரில் நின்று அழுத பிள்ளையிடம் போய்க் கணக்குக் கேட்டிருக்கிறீர்கள்.

அவளுக்குக் காலை எட்டு மணி என்றால் உங்களுக்கு மாலை ஆறரை. வகுப்புக்குக் கிளம்புவதற்குள் கூப்பிடுங்கள். தேர்வைப் பற்றிப் பேச வேண்டாம். அந்த நீரூற்று எப்படி இருந்தது, பக்கத்தில் யார் நின்றார்கள் என்று கேளுங்கள்.