இருவர் மல்லுக்கட்ட, மூன்றாமவன் மாப்பிள்ளை

ஜுசெப்பே சார்த்தி இசையமைத்து, 1782 செப்டம்பரில் மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் அரங்கேறிய இத்தாலிய நகைச்சுவை ஓபரா ‘ஃப்ரா இ துவே லிதிகாந்தி இல் தெர்ஸோ கோதே’ (இரண்டு லிதிகாந்தி, அதாவது வழக்காடுபவர்கள், மோத, மூன்றாமவனுக்குக் கொண்டாட்டம்). அதைப் பற்றி வந்த கேள்விகள்.

கே: கதை என்ன?

பெல்ஃபியோரே பிரபுவின் வீட்டுப் பணிப்பெண் தொரீனா. அவளைத் தன் வேலையாள் தித்தாவுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார் பிரபு. தோட்டக்காரன் மிங்கோனேதான் மாப்பிள்ளை என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள் அவர் மனைவி. கடைசியில் தொரீனாவைக் கைப்பிடிப்பதோ பண்ணைக் காரியஸ்தன் மசோத்தோ.

கே: ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பதுதானே இது?

அதேதான். ஆனால் உண்மையான சண்டை மாப்பிள்ளைகளுக்குள் இல்லை, புருஷன் பெண்டாட்டிக்குள். தித்தாவும் மிங்கோனேயும் அவர்கள் வீம்புக்குப் பகடைக்காய்கள். எனக்கு இந்த ஓபரா பிடித்ததே அதனால்தான்.

கே: கதை சார்த்தியுடையதா?

இல்லை. இத்தாலிய நாடக ஆசிரியர் கோல்தோனி எழுதிய பழைய ஓபராக் கதை ‘லே நோத்ஸே’யைத் திருத்தி எடுத்தது. அதற்கு 1755இலேயே கலுப்பி என்ற இசையமைப்பாளர் இசையமைத்துவிட்டார்.

கே: மொசார்ட் இதைக் காப்பியடித்தார் என்கிறார்களே?

காப்பி என்பது அநியாயம். 1783 மே மாதம் வியன்னாவில் இது மேடையேறி சக்கைப்போடு போட்டது. தொரீனாவாகப் பாடிய நான்சி ஸ்டோராசேதான் 1786இல் மொசார்ட்டின் ‘ஃபிகாரோவின் திருமணம்’ ஓபராவில் பணிப்பெண் சுசன்னாவாக முதலில் பாடியவர். தித்தாவாகப் பாடிய பெனூச்சிதான் முதல் ஃபிகாரோ. பிரபு, சீமாட்டி, கல்யாணத்துக்கு நிற்கும் பணிப்பெண் எல்லாம் அங்கேயும் உண்டு. வியன்னா ரசிகர்களுக்கு எது பிடிக்கும் என்று மொசார்ட்டுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். கடன் வாங்கிய இடத்தில் பகிரங்கமாகவே வாங்கினார். அவருடைய இன்னொரு ஓபரா ‘டான் ஜியோவானி’யில் (1787) நாயகன் கடைசி விருந்து சாப்பிடும்போது வாத்தியக்காரர்கள் மிங்கோனேயின் பாட்டை வாசிக்கிறார்கள். வெட்டுக்குப் போகும் ஆட்டுக்குட்டிபோல் கத்திக்கொண்டு போவாய் என்று அவன் கிண்டலடிக்கும் பாட்டு அது. சற்று நேரத்தில் நரகத்துக்குப் போகப்போகிறவனுக்கு எப்படிப்பட்ட சாப்பாட்டுப் பாட்டு பாருங்கள்! ‘லிதிகாந்தி வாழ்க’ என்று நாயகனின் வேலையாள் லெப்போரெல்லோ வேறு கூவுகிறான்.

கே: இருவருக்கும் பழக்கம் உண்டா?

1784இல் சார்த்தி ரஷ்ய அரசவைக்குப் போகும் வழியில் வியன்னாவில் சந்தித்தார்கள். நல்ல மனிதர் என்று மொசார்ட் அப்பாவுக்கு எழுதினார். சார்த்தியோ பிற்பாடு மொசார்ட்டின் நால்வாத்திய இசையைப் பிய்த்து உதறிவிட்டார்.

கே: முதலில் எதைக் கேட்கலாம்?

‘டான் ஜியோவானி’ விருந்துக் காட்சியையே கேளுங்கள். அங்கே வரும் மூன்று மேற்கோள் மெட்டுகளில் இரண்டாவது சார்த்தியுடையது. மூன்றாவது ‘ஃபிகாரோவின் திருமண’த்தில் ஃபிகாரோ பாடும் பாட்டு, மொசார்ட் தன்னையே கிண்டலடித்துக்கொண்டது.