ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் தேனீ: கேள்வி பதில்

தாராபுரம் பக்கம் தோட்டத்தில் இருபது பெட்டி வைத்திருக்கிறேன். பொந்துகளில் இருக்கும் தேனீயை எடுத்துப் பெட்டிக்கு மாற்றிக் கொடுப்பதும் உண்டு. கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்த வரை பதில் சொல்லியிருக்கிறேன். முதல் பதில் மட்டும் கொஞ்சம் நீளம்.

காங்கேயத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணா, எங்கள் மோட்டார் ரூமில் பழைய ஸ்டார்ட்டர் பெட்டி சும்மா கிடக்கிறது. ரெண்டு மாசமாக அதற்குள் தேனீ. மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிடலாம் என்கிறார் அப்பா. வளர்ப்புப் பெட்டிக்கு மாற்ற முடியுங்களா?

முடியும். அப்பாவிடம் ஒரு வாரம் தவணை கேளுங்கள். இருட்டுக்குள் அடைகள் பக்கம் பக்கமாக அஞ்சாறு தொங்கினால் அது அடுக்குத் தேனீ. பொந்துத் தேனீ என்றும் சொல்வோம். பெட்டியில் நிற்கிற ஜாதி இது.

சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் ஆரம்பியுங்கள். முதலில் மெயினை ஆஃப் செய்துவிடுங்கள். கம்பி ஏதும் உயிரோடு இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். தேங்காய் நாரும் காய்ந்த வரட்டியும் போட்டு மெல்லிய புகை காட்டினால் போதும். கண் எரிகிற அளவுக்குப் புகைத்தால் ராணி மூலையில் போய் ஒளிந்துகொள்ளும், அப்புறம் தேடி மாளாது.

ஓர அடையிலிருந்து ஒவ்வொன்றாக அறுத்து எடுங்கள். அடையின் மேல்பாகத்தில் தேன் இருக்கும், கீழே புழு, அதாவது தேனீக் குஞ்சு, இருக்கும். தேன் பாகத்தை வெட்டித் தனியாக வையுங்கள். புழு அடையைப் பெட்டியின் மரச் சட்டத்துக்குள் பொருத்தி, நனைத்த வாழை நாரால் ரெண்டு சுற்றுக் கட்டுங்கள். சட்டத்தின் மேல்கட்டையில் அடை இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்க வேண்டும். நாலைந்து நாளில் தேனீயே மெழுகு வைத்து ஒட்டிவிட்டு, நாரைக் கடித்துத் துண்டு துண்டாக வாசலில் தள்ளும். வாசலில் நார்த் துணுக்குகளைப் பார்த்தால் குடும்பம் தங்கிவிட்டது என்று நான் நிம்மதியாகத் தூங்கப் போவேன்.

அடை எந்தப் பக்கம் மேலாக இருந்ததோ அந்தப் பக்கமே மேலே வர வேண்டும். என் முதல் பெட்டியில் அவசரத்தில் ரெண்டு அடையைத் தலைகீழாகக் கட்டிவிட்டேன். அறைகள் வாயை லேசாகத் தூக்கி வைத்தபடி இருப்பவை. கவிழ்த்தால் உள்ளே இருக்கும் மதுரம் (பூவிலிருந்து கொண்டுவந்த தேன்நீர்) ஒழுகும். விடிவதற்குள் பெட்டிக்குக் கீழே எறும்பு சாரை பிடித்திருந்தது. மூன்றாம் நாள் வெறும் பெட்டிதான் இருந்தது.

ராணி கண்ணில் பட்டால் நல்லது. படாவிட்டாலும் பதற வேண்டாம். கும்பலைக் கையாலோ மெல்லிய பிரஷ்ஷாலோ பெட்டிக்குள் தள்ளிவிட்டுப் பத்து நிமிஷம் வாசலைப் பாருங்கள். ஈக்கள் வாலைத் தூக்கிச் சிறகடித்து, வெளியில் இருப்பவை வரிசையாக உள்ளே நடந்தால் ராணி உள்ளே இருக்கிறது. பழைய இடத்திலேயே திரும்பக் குவிந்தால் ராணி அங்கே சிக்கியிருக்கிறது.

இருட்டுகிற வரை பெட்டி அங்கேயே இருக்கட்டும், வெளியே போனவை திரும்ப வேண்டுமே. ராத்திரி வாசலை வலையால் மூடி, ரெண்டு கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் வைப்பது நல்லது. அதே தோட்டத்தில் நூறடி தள்ளி வைத்தால், மறுநாள் பாதிப் பேர் மோட்டார் ரூமுக்கே போய்விடுவார்கள்.

கோபிசெட்டிபாளையம்: நீங்கள் சொல்கிற மாதிரிதான் மாற்றினேன். நாலாம் நாள் ஓடிவிட்டது. எங்கே தப்பு?

எத்தனை புழு அடை வைத்தீர்கள் என்று எழுதவில்லையே! புழு இருந்தால்தான் ஈக்கு வீட்டின் மேல் பாசம். தேன் அடையை மட்டும் கட்டினால் ரெண்டு நாளில் குடித்துவிட்டுக் கிளம்பிவிடும். எறும்பு, வெயில், தினமும் திறந்து பார்க்கிற ஆசை, இவையும் காரணம். முதல் வாரம் திறக்கவே கூடாது. பெட்டிக்கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். சர்க்கரையும் தண்ணீரும் சரிபாதி கலந்து, குச்சி மிதக்கவிட்டுச் சாயங்காலம் வையுங்கள்.

வாசலில் ராணித் தகடு மாட்டலாம். வேலைக்கார ஈ நுழையும், ராணி நுழையாது. ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். உள்ளே கன்னி ராணி இருந்தால் அது இணை சேர வெளியே பறந்தாக வேண்டும். தகட்டை மறந்துபோய் ஒரு குடும்பத்தையே கெடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

மாதமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாற்றினால் தீனி இருக்காது. ஆடிக் காற்றில் பெட்டியே உருண்டுவிடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தை, மாசியில் மாற்றுங்கள். முருங்கை பூத்திருக்கும், பின்னாலேயே வேம்பு வரும். வாசல் கிழக்கே பார்க்கட்டும்.

கோவை, அடுக்குமாடியில் குடியிருக்கும் ஒரு அம்மா: எட்டாவது மாடி பால்கனிக்கு மேல் முறம் அகலத்துக்கு ஒரே அடை. இதையும் பெட்டியில் போட முடியுமா?

முடியாதுங்க. அது மலைத்தேனீ. வெளிச்சத்தில் ஒற்றை அடைதான் கட்டும், பெட்டிக்குப் பழகாது. துரத்தினால் கூட்டமாக வந்து கொட்டும். பருவத்துக்கு வந்து பருவத்துக்குப் போகிற ஜாதி என்பதால், பொறுக்க முடிந்தால் பொறுங்கள். அந்தப் பக்க விளக்கை ராத்திரியில் அணைத்துவையுங்கள், வெளிச்சத்துக்கு உள்ளே வந்துவிடும். குழந்தைகள் நடமாடும் இடம் என்றால் பழகியவர்களை மட்டும் கூப்பிடுங்கள். வாட்ச்மேனிடம் தீப்பந்தம் கொடுக்காதீர்கள்.

மூலனூர்: முருங்கையில் கம்பளிப்புழுவுக்கு மருந்து அடிக்கிறோம். பெட்டி வைத்தால் ஈ தங்குமா?

பூ நேரத்தில் காலையில் மருந்தடித்தால் தங்காது, சாகும். சூரியன் இறங்கிய பிறகு அடியுங்கள், தூள் மருந்து வேண்டவே வேண்டாம். உங்களைவிடப் பக்கத்துக் காட்டுக்காரரிடம் பேசுவதுதான் முக்கியம். அவருக்கு வருஷம் ஒரு பாட்டில் தேன் கொடுங்கள். அடிப்பதற்கு முந்தின நாள் போன் வந்துவிடும். எனக்கு வருகிறது.

ஈரோடு: காட்டில் கிடைக்கும் குடும்பத்தில் நோய் இருக்காதா?

இருக்கலாம். 1991-92ல் தென்னாட்டுப் பெட்டிகளைக் காலிசெய்த தாய் (தாய்லாந்து) சாக்குப்புழு நோயை அந்தக் காலத்து ஆட்கள் இன்னும் மறக்கவில்லை. புழு அறைக்குள் நிமிர்ந்தபடி செத்து, ஊசியால் எடுத்தால் நீர் கட்டிய பை மாதிரி வரும். அப்படி ஒன்று கண்டாலும் அந்தக் குடும்பத்தை உங்கள் பெட்டிகளுக்கு அருகில் கொண்டுவர வேண்டாம். சுத்தமாக இருந்தாலும் ஒரு மாசம் தள்ளியே வைப்பேன்.

பல்லடம்: கொட்டினால் சுண்ணாம்பு தடவலாமா?

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கொடுக்கை நகத்தால் சுரண்டி உடனே எடுங்கள். கொட்டிய இடத்தில் பழுத்த வாழைப்பழ வாசனை வரும், அது மற்ற ஈக்களுக்கு அழைப்பு, அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். மூச்சு முட்டினாலோ, முகம் வீங்கினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ நேராக ஆஸ்பத்திரி.

உடுமலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை: வேளாண் பல்கலைக்கழகத்தில் ஒரு நாள் பயிற்சி முடித்துவிட்டேன். பெட்டியும் வாங்கிவிட்டேன். திறக்கத்தான் கை நடுங்குகிறது. நீங்கள் சொல்லிக் கொடுப்பீர்களா?

வாங்கம்மா. நடுக்கம் இருப்பவர்கள் மெதுவாகத் தூக்குவார்கள், எனக்கு அதுதான் வேண்டும். போன வருஷம் ஒரு கல்லூரிப் பையன் வந்தான். முதல் மாசம் பெட்டியைத் தொடவே விடவில்லை. வாசலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். எந்த நிற மகரந்தம் வருகிறது, எத்தனை மணிக்கு வரத்து குறைகிறது என்று நோட்டில் எழுத வேண்டும். 'இதுக்கா வந்தேன்' என்று முகத்தைத் தூக்கிக்கொண்டான். மூன்றாவது வாரம் அவனே சொன்னான்: "அண்ணா, ஆறாவது பெட்டிக்கு மகரந்தமே வரலை." திறந்தால் முட்டை இல்லை, ராணி போய்விட்டிருந்தது. நான் கவனிக்காமல் விட்டது அது. பக்கத்துப் பெட்டியிலிருந்து முட்டை உள்ள அடை ஒன்றை எடுத்து வைத்தோம். அவர்களே புது ராணி வளர்த்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் புகைக்கருவியை அவன் கையில் கொடுத்துவிட்டேன்.

உங்களுக்கும் அதே பாடம்தான். முதல் வருஷம் தேன் எடுக்கக் கூடாது, இதில் மட்டும் நான் கறார். ஒரு பெட்டியோடு நிற்காமல் ரெண்டாக வையுங்கள். ஒன்று சோர்ந்தால் மற்றது அடை கொடுக்கும்.

வருகிற ஞாயிறு குண்டடம் பக்கம் ஒரு சாளையில் (தோட்டத்து வீட்டில்) பழைய குதிருக்குள் இருக்கும் குடும்பத்தை எடுக்கப் போகிறேன். நாலு மணிக்கு வந்துவிடுங்கள். வெளிர் நிறத் துணி உடுத்துங்கள், தலைக்குப் பூ வேண்டாம். வாழை நார் நான் ஊறப்போட்டு வைத்திருப்பேன். நல்ல கத்தி ஒன்று இருந்தால் எடுத்து வாங்கம்மா, என்னுடையது மொட்டையாகிவிட்டது.