நோட்டை விடாத ஸ்டோர்ஸ் ஆட்கள்: இன்னொரு டிரெயினிங் வேண்டாமுங்க

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஈஆர்பி (ஸ்டாக், ஆர்டர், கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கும் மென்பொருள்) போட்டும் ஸ்டோர்ஸ்காரர்கள் நோட்டில் எழுதிவிட்டு, சாயங்காலம்தான் சிஸ்டத்தில் ஏற்றுகிறார்கள், இன்னொரு டிரெயினிங் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாமுங்க. ஏற்றத் தெரிகிறதே, அப்புறம் என்ன டிரெயினிங்? சிஸ்டத்தால் தங்களுக்கு என்ன லாபம் என்பதுதான் அவர்களுக்குப் புரியவில்லை.

ஒரு புது சிஸ்டத்தை ஆட்கள் ஏன் ஏற்கிறார்கள் என்பதை 1989-லேயே அமெரிக்க ஆய்வாளர் பிரெட் டேவிஸ் ஆராய்ந்து எழுதினார். வேலைக்கு உதவுமா, பயன்படுத்தச் சுலபமா என்ற இரண்டு எண்ணங்களில் முதலாவதுதான் கனமானது. உதவுமென்றால் கொஞ்சம் சிக்கலான திரையைக்கூட ஆட்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

உங்கள் ஆளின் நிலையைப் பாருங்கள். துணி சாயப்பட்டறைக்குப் போகும்போது கையால் சலான் போடுகிறார், அதே எடையை நோட்டில் எழுதுகிறார், மறுபடி சிஸ்டத்தில் அடிக்கிறார், ரிப்போர்ட் மட்டும் முதலாளிக்குப் போகிறது. அவருக்குக் கூடியது வேலைதான். சலான் சிஸ்டத்திலிருந்தே பிரிண்ட் ஆகட்டும். எந்தப் பட்டறையில் எத்தனை கிலோ பாக்கி என்று, ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் நாள் முழுக்க போன் போட்டு அவர் உயிரை எடுக்காமல், தானே திரையில் பார்த்துக்கொள்ளட்டும். நோட்டு மெல்ல ஒதுங்கிவிடும்.

அதற்கு முன்னால் ஆரம்ப இருப்பைச் சரிபாருங்கள். சிஸ்டம் ஒரு கணக்கும் ரேக் ஒரு கணக்கும் காட்டினால் எவரும் நோட்டைத்தான் நம்புவார்கள், நானாக இருந்தாலும் அப்படித்தான். அப்புறம், நைட் ஷிப்ட்டில் திரை நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது? மென்பொருள்காரர் நம்பர் போதாது, உள்ளேயே ஒரு ஆள் வேண்டும், முடிந்தால் ஸ்டோர்ஸிலிருந்தே.