வாசகர் கேள்வி பதில்: செவில் துறையைத் தோற்கடித்த மணல்

கேள்வி: மகெல்லனின் கப்பல்கள் ஸ்பெயினின் செவில் நகரிலிருந்து புறப்பட்டன என்று படித்தேன். படத்தில் பார்த்தால் செவிலுக்குப் பக்கத்தில் கடலே இல்லை. பிறகு ஸ்பெயினின் அமெரிக்க வாணிபம் செவிலிலிருந்து காதிஸ் துறைக்கு மாறியது ஏன்?
– வாசகி, முல்லைத்தீவு

பதில்: செவில் ஓர் ஆற்றுத்துறை. குவாதல்கிவிர் ஆறு சான்லூக்கர் என்ற ஊரில் கடலோடு சேர்கிறது. அங்கிருந்து 80 கிலோமீற்றருக்கு மேல் உள்ளே போனால் செவில். கடலின் வற்றுப்பெருக்கு அதுவரை எட்டும். பெருக்கோடு ஏறி, வற்றோடு இறங்குவார்கள்.

அமெரிக்க வாணிபத்தை நிருவகித்த 'வாணிப மனை'யை 1503இல் செவிலில் நிறுவினார்கள். உள்நாட்டுத் துறைக்குக் காவல் எளிது, வரிக்கணக்கும் ஒரே வாயிலில் முடியும். காதிஸ் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நகரம். 1587இல் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் டிரேக் அதன் குடாவுக்குள் புகுந்து கப்பல்களை எரித்தார். 1596இல் ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் நகரையே சூறையாடினார்கள். ஆகவே செவிலைத் தெரிந்தெடுத்தது பிழையான முடிவு அல்ல.

சிக்கல் ஆற்றுவாயில் இருந்தது. ஆறு கொண்டுவரும் மண், கடலைத் தொட்டதும் வேகம் குறைந்து படியும். அலை தன் பங்குக்கு மணலைத் திருப்பி ஒதுக்கும். நந்திக்கடலின் வாயைக் கோடையில் பார்த்தவருக்கு இதை விளக்கவே தேவையில்லை. நம்முடைய வாய் அடைபட்டு, மாரி வெள்ளத்தில் உடைக்கும். குவாதல்கிவிர் பெரிய ஆறு, அதனால் அடைபடவில்லை. ஆனால் ஆழம் போதாது, ஓடுபாதையும் இடம் மாறிக்கொண்டிருக்கும்.

வாயில் படிந்த அந்த மணல் திட்டைக் கடக்கப் பகல் வெளிச்சம், ஏற்ற காற்று, உயர்ந்த பெருக்கு மூன்றும் ஒரே நேரத்தில் வாய்க்க வேண்டும். அமாவாசை, பறுவத்தை ஒட்டி அந்தக் கரையில் நீர் ஏறத்தாழ 3 மீற்றர் ஏறி இறங்கும். நம் கரையில் ஒரு மீற்றரும் வராது. வாயின் போக்கு அறிந்த உள்ளூர் மாலுமிதான் வழிகாட்டுவார். பெரிய கப்பல் செவிலில் சரக்கில் ஒரு பங்கை மட்டும் ஏற்றி இறங்கும், மிச்சத்தைச் சிறு படகுகள் ஆற்றின் கீழ்ப்பகுதிக்குக் கொண்டுவந்து கொடுக்கும். நடுவழியில் காற்று விழுந்தால் கப்பல் தரை தட்டும். நீர் வற்ற வற்ற ஒரு பக்கம் சாயும், பிறகு வரும் அலைகள் தூக்கித் தூக்கி அடிக்க ஏராமரம் (கப்பலின் அடி நடுவே ஓடும் முதுகுமரம்) முறியும். அங்கே அழிந்த கப்பல்கள் பல.

மகெல்லனின் 5 கப்பல்கள் 1519 ஆகஸ்ட் 10இல் செவிலை விட்டன. சான்லூக்கரிலிருந்து கடலுக்கு இறங்கியது செப்ரெம்பர் 20இல். போகப்போகக் கப்பல்கள் பெருத்தன, திட்டு அப்படியே கிடந்தது. செவில் வணிகர்கள் விடாமல் எதிர்த்தும், 1680இல் அமெரிக்கக் கப்பற்கூட்டங்களின் தலைத்துறையாகக் காதிஸ் ஆனது. 1717இல் வாணிப மனையும் அங்கே போய்விட்டது. அரசாணைகளைவிட மணலுக்கே இதில் பெரிய பங்கு என்பது எங்கள் கணிப்பு.

கேள்வி: பழைய மர வள்ளங்களைக் கடற்புழு துளைப்பதுபோல அந்தக் கப்பல்களையும் துளைத்ததா? எப்படிச் சமாளித்தார்கள்?
– கடற்றொழிலாளர், கொக்கிளாய்

பதில்: துளைத்தது, அதுவும் மோசமாக. 1502இல் காதிஸிலிருந்து 4 கப்பல்களோடு போன கொலம்பஸ் ஒன்றையும் திருப்பிக் கொண்டுவரவில்லை. ஒன்று பனாமாக் கரையில் ஓர் ஆற்றுவாயின் மணல் திட்டைத் தாண்ட முடியாமல் ஆற்றுக்குள்ளேயே அகப்பட்டது. இன்னொன்று புழுவால் கைவிடப்பட்டது. கடைசி இரண்டும் சல்லடையாகி, 1503இல் ஜமெய்க்காக் கரையில் ஏற்றப்பட்டன.

புழு என்கிறோமே தவிர அது மட்டி இனம். ஊசிமுனைத் துளையால் குஞ்சாக நுழைந்து, உள்ளேயே வளர்ந்து, மரத்தின் நார் ஓடும் போக்கிலேயே தின்றுகொண்டு போகும். வெளியே பலகை முழுசாகத் தெரியும். தட்டினால்தான் பொந்துச் சத்தம் கேட்கும்.

இதைச் சமாளிக்க, பீரங்கி, பாரக்கல் உட்பட எல்லாவற்றையும் இறக்கி, பாய்மரத்தில் கயிறு கட்டிக் கப்பலைச் சாய்ப்பார்கள். வெளியே வந்த அடிப்பக்கத்தில் சுள்ளி நெருப்பால் பாசியையும் சிப்பியையும் சுட்டுச் சுரண்டி, பழுதான பலகையை மாற்றி, பழங்கயிற்று நாரைப் பொருத்துகளில் உளியால் அறைந்து கலப்பற்றுச் செய்து, மேலே கொதிக்கும் கீல் (தார்) பூசுவார்கள். நார் ஈரமாக இருந்தால் கீல் ஒட்டாது, பொருத்துக் கசியும். பிறகு மறுபக்கம் சாய்த்து அதே வேலை. ஈயத்தகடு அடிப்பதும் இருந்தது. ஆனால் உப்புநீரில் ஈயமும் இரும்பும் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்பாணி அரிபட்டுப்போகும். நன்னீரில் இந்தப் புழு தங்காது. செவில்வரை ஏறிய கப்பலுக்கு ஆறு செய்த உதவி அது.

கேள்வி: காதிஸ் 3,100 ஆண்டுப் பழைமையானது என்கிறார்களே?
– மாணவர், கிளிநொச்சி

பதில்: கி.மு. 1104 என்பது பழைய எழுத்தாளர் சொன்ன மரபுக் கணக்கு. அகழ்வில் கிடைத்த, பழங்காலக் கடல் வணிகரான பினீசியரின் குடியிருப்பு கி.மு. 9ஆம், 8ஆம் நூற்றாண்டுகளுக்கு உரியது. பரீட்சையில் இரண்டையும் பிரித்து எழுதுங்கள். இன்றைய லெபனானில் உள்ள தீர் நகரத்துப் பினீசியர் வைத்த பெயர் காதிர், மதில் சூழ்ந்த இடம் என்று பொருள். அன்று அது தனித்தனித் தீவுகள். இடையே கப்பல் நின்ற ஓடை காலப்போக்கில் தூர்ந்து, இப்போது அதன்மேல் வீடுகள் நிற்கின்றன.