கேளுங்கள் சொல்கிறோம்: எட்டே எட்டு வெற்றி

கேள்வி: கனடாவில் மகன் வீட்டில் இருக்கிறேன், ஐஸ் ஹாக்கி பார்த்துப் பழகிவிட்டேன். என்.எச்.எல். என்கிற வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகின் வரலாற்றிலேயே மோசமான முதல் சீசன் வாஷிங்டன் கேபிடல்ஸ் அணியுடையது என்கிறான் பேரன். அவ்வளவு மோசமா?

பேரன் சொல்வது சரிதான். 1974-75 சீசன். மொத்தம் 80 ஆட்டம், அதில் 8 வெற்றி, 67 தோல்வி, 5 டிரா. வெற்றிக்கு 2 புள்ளி, டிராவுக்கு 1 என்று போட்டால் 21 புள்ளி வரும். போட்ட கோல் 181, வாங்கிய கோல் 446, அதாவது ஆட்டத்துக்கு ஐந்தரைக்கு மேல். 1992-93-இல் சான் ஹோசே 71 ஆட்டமும் ஒட்டாவா 70 ஆட்டமும் தோற்றன என்பது உண்மை, ஆனால் அந்த சீசனில் 84 ஆட்டம், இரண்டு அணிகளும் 24 புள்ளி எடுத்துவிட்டன.

முதல் ஆட்டம் 1974 அக்டோபர் 9, நியூயார்க் ரேஞ்சர்ஸ் மைதானத்தில், 6-3 தோல்வி. அடுத்த வாரம் சொந்த அரங்கில் லாஸ் ஏஞ்சலிஸ் அணியோடு 1-1 டிரா, இரண்டு நாள் கழித்து சிகாகோவை 4-3 என்று ஜெயித்தார்கள். அப்போது பார்த்தவர்களுக்குப் பரவாயில்லையே என்றுதான் தோன்றியிருக்கும். அதற்கப்புறம்தான் எல்லாம் சரிந்தது. தொடர்ந்து 17 ஆட்டம் தோற்ற காலமும் அதே சீசனில் வந்தது. ஜிம் ஆண்டர்சன் என்ற கோச் 54 ஆட்டத்தில் 4 வெற்றியோடு போனார், ரெட் சல்லிவன் 18 ஆட்டத்தில் 2 வெற்றி, கடைசியில் அணியைத் தேர்ந்தெடுத்த பொது மேலாளர் மில்ட் ஷ்மிட் தானே வந்து நின்றார், அவருக்கு 8 ஆட்டத்தில் 2. ஷ்மிட் பாஸ்டனுக்காக ஆடிய பெரிய ஆட்டக்காரர், ஹாக்கி தெரியாதவர் இல்லை. மூன்று பேர் மாறியும் நிலைமை மாறவில்லை என்றால் கோளாறு கோச்சிடம் இல்லை என்றுதானே அர்த்தம்?

கேள்வி: அதே லீகில் லாஸ் வேகஸ் நகரத்து அணி முதல் சீசனிலேயே இறுதிப் போட்டிவரை போனதே. கேபிடல்ஸ் மட்டும் ஏன் இப்படி? திறமை இல்லாதவர்களை எடுத்துவிட்டார்களா?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி. அந்த அணியைப் பற்றிப் பேசுகிற பலர் ஆட்டக்காரர்களைக் கேலி பண்ணிவிட்டுப் போய்விடுகிறார்கள், அது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

புது அணி எப்படி உருவாகிறது என்று பாருங்கள். ஏற்கெனவே இருக்கிற அணிகள் தங்களுக்கு வேண்டியவர்களை முதலில் ஒதுக்கி வைத்துக்கொள்ளும், மிச்சம் இருப்பவர்களிலிருந்துதான் புது அணி எடுக்கலாம். 1974-இல் பழைய அணிகள் 16. ஒவ்வொன்றும் 15 ஆட்டக்காரர்களையும் 2 கோல்கீப்பர்களையும் தொடக்கூடாது என்று ஒதுக்கி வைத்துக்கொண்டது. ஒரு ஆட்டத்தில் இறங்குவதே ஏறக்குறைய அத்தனை பேர்தான். அப்படியென்றால் வாஷிங்டனுக்குக் கிடைத்தவர்கள் ஒவ்வொரு அணியிலும் பதினாறாவது, பதினேழாவது இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள். அதையும் தனியாக எடுக்க முடியவில்லை, அதே வருஷம் சேர்ந்த கான்சஸ் சிட்டி அணியோடு பங்கு போட வேண்டியிருந்தது, ஆளுக்கு 24 பேர்.

இதோடு முடியவில்லை. 1967 வரை என்.எச்.எல்-இல் வெறும் 6 அணிகள். ஏழே வருஷத்தில் அது 18 ஆனது. நடுவில் 1972-இல் டபிள்யூ.எச்.ஏ. என்று ஒரு போட்டி லீக் கிளம்பி, கூடுதல் சம்பளம் கொடுத்து ஆட்களை இழுத்துக்கொண்டு போனது, 1974-75-இல் அங்கே 14 அணிகள். ஆக 6 அணிக்கு ஆள் எடுத்த இடத்தில் 32 அணிக்கு ஆள் தேட வேண்டிய நிலை, அதுவும் அப்போது ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்கள் மிகக் குறைவு, அநேகமாக எல்லாரும் கனடாக்காரர்கள். அந்த வரிசையில் கடைசியாகக் கையேந்தி நின்ற அணிதான் கேபிடல்ஸ். இதற்கு உரிமையாளர் ஏப் பாலின் கொடுத்த நுழைவுக் கட்டணம் 60 லட்சம் டாலர்.

வேகஸ் 2017-இல் கொடுத்தது 50 கோடி டாலர். அதற்குத் தகுந்தாற்போல விதியையும் தளர்த்தினார்கள். பழைய அணி ஒவ்வொன்றும் 7 முன்கள ஆட்டக்காரர்கள், 3 தடுப்பாட்டக்காரர்கள், 1 கோல்கீப்பர், மொத்தம் 11 பேரைத்தான் ஒதுக்கி வைக்கலாம், இல்லையென்றால் 8 பேரும் 1 கோல்கீப்பரும். 30 அணிகளிலும் நல்ல ஆட்கள் வெளியே நின்றார்கள், பங்குக்கு வேறு அணியும் இல்லை. வேகஸ் ஆட்டக்காரர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 1974-இல் அதே விதி இருந்திருந்தால் வாஷிங்டன் 67 ஆட்டம் தோற்றிருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்படிப்பட்ட அணியிலும் டாமி வில்லியம்ஸ் என்பவர் 22 கோல் அடித்து, 36 கோலுக்கு உதவினார். 1960 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் இருந்தவர் அவர்.

கேள்வி: குப்பைத்தொட்டியைக் கோப்பை மாதிரித் தூக்கிக் கொண்டாடினார்கள் என்று சொல்கிறார்களே, நிஜமா?

நிஜம். அந்த சீசனில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது.

வெளியூர் ஆட்டங்கள் 40. அதில் முதல் 37-லும் தோல்வி, ஒரு டிராகூட இல்லை. விமானம் ஏறி, ஹோட்டலில் தங்கி, ஆடி, தோற்று, மறுபடி விமானம். அக்டோபரில் ஆரம்பித்தது மார்ச் கடைசிவரை போகிறது. 1975 மார்ச் 28 அன்று ஓக்லாண்டில் கலிபோர்னியா கோல்டன் சீல்ஸ் அணியை 5-3 என்று ஜெயித்தார்கள். என்.எச்.எல். சாம்பியனுக்குக் கொடுக்கிற ஸ்டான்லி கோப்பையை ஜெயிக்கிற அணி அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, கைமாற்றி, பனித்தரையைச் சுற்றி வருவது வழக்கம் இல்லையா? இவர்கள் உடைமாற்றும் அறையில் இருந்த குப்பைத்தொட்டியை எடுத்து அதே மாதிரித் தலைக்கு மேலே தூக்கிக் கொண்டாடினார்கள். பிளேஆஃப், அதாவது கோப்பைக்கான கடைசிக் கட்ட ஆட்டங்களுக்குப் போகிற வாய்ப்பெல்லாம் எப்போதோ போய்விட்டது, அந்த வெற்றியால் புள்ளிப் பட்டியலில் எதுவும் மாறப்போவதில்லை, ஆனாலும் ஆறு மாசம் அடிவாங்கியவர்களுக்கு ஒரு ராத்திரியாவது சிரித்துக் கூத்தாடத் தோன்றியதே, அதை நினைத்தால் மனசு நிறைகிறது. மிச்சமிருந்த இரண்டு வெளியூர் ஆட்டமும் தோல்விதான். ஆனால் ஏப்ரல் 6, சீசனின் கடைசி ஆட்டம், சொந்த அரங்கில் பிட்ஸ்பர்க்கை 8-4 என்று அடித்தார்கள், ஸ்டான் கில்பர்ட்சன் மட்டும் 4 கோல்.

கேள்வி: பில் மிக்கெல்சன் என்பவரின் மைனஸ் 82 என்ற சாதனை என்ன கணக்கு?

நீங்கள் பனித்தரையில் இருக்கும்போது உங்கள் அணி கோல் போட்டால் பிளஸ் ஒன்று, எதிரணி போட்டால் மைனஸ் ஒன்று, ஒரு அணியில் ஆள் அதிகமாக இருக்கும்போது அந்த அணி போடுகிற கோல் சேராது. தடுப்பாட்டக்காரரான மிக்கெல்சன் 59 ஆட்டத்தில் மைனஸ் 82. இன்றுவரை ஒரு சீசனில் இதைவிட மோசமான எண் யாருக்கும் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், உண்மையிலேயே உதவாதவர் என்றால் கோச் அவரை 59 ஆட்டம் இறக்குவாரா? அந்த அணியில் யார் அந்த இடத்தில் நின்றிருந்தாலும் கோல் விழுந்திருக்கும், நின்றவர் பெயரில் எழுதினார்கள். இவருடைய மகள் மேகன் மிக்கெல்சன் கனடா மகளிர் அணிக்கு ஆடி 2010, 2014 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றார்.

கோல்கீப்பர்கள் கதையும் இதேதான். 8 வெற்றியும் ரான் லோ வலையில் நின்றபோது வந்தவை. மிஷெல் பெல்யூமர் 35 ஆட்டத்தில் இறங்கினார், வெற்றி ஒன்றுகூட இல்லை, 24 தோல்வி, 3 டிரா. அடுத்த ஆட்டத்துக்கும் கால்காப்பைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாரே, அதற்கு எவ்வளவு மனத்தெம்பு வேண்டும்!

கேள்வி: வெள்ளைக் கால்சட்டை விவகாரம்?

சிவப்புச் சட்டைக்கு வெள்ளைக் கால்சட்டை போட்டு ஆடவிட்டார்கள். பனியில் விழுந்து எழுந்தால் நனைந்து அழுக்காகி உள்ளே இருப்பது தெரியும். சீக்கிரமே கைவிட்டார்கள்.

கேள்வி: கூடவே சேர்ந்த கான்சஸ் சிட்டி என்ன ஆனது?

முதல் சீசனில் அவர்கள் 15 ஆட்டம் ஜெயித்தார்கள், வாஷிங்டனைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் இரண்டே சீசனில் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டி வந்தது. 1976-இல் டென்வர் போய் கொலராடோ ராக்கீஸ் ஆனார்கள், 1982-இல் நியூ ஜெர்சி போய் டெவில்ஸ் ஆனார்கள். அதே 1982 கோடையில் கேபிடல்ஸும் போய்விடும் போலத்தான் இருந்தது. எட்டு சீசன் ஆகியும் ஒரு தடவைகூட பிளேஆஃப் பார்க்கவில்லை, பாலினுக்குப் பணம் போய்க்கொண்டே இருந்தது. ரசிகர்கள் அணியைக் காப்பாற்ற ஒரு இயக்கமே நடத்தி, சீசன் டிக்கெட்டுகளை விற்றுக் கொடுத்தார்கள். அடுத்த சீசனில் பிளேஆஃபுக்குப் போனார்கள். ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியது 2018 ஜூன் 7, எதிரே நின்றது நீங்கள் மேலே கேட்ட வேகஸ் அணி, நடந்ததும் வேகஸில், ஒரு வெளியூர் ஆட்டத்தில்.