அதிர்ச்சியில் ‘இயேசுவே’ என்று வாயில் வந்துவிடுவது கர்த்தரின் நாமத்தை வீணாக வழங்குவதாகுமா?

உங்கள் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் நகர மனம் வரவில்லை. பயந்தாலோ எங்காவது இடித்துக்கொண்டாலோ ‘இயேசுவே’ என்று வந்துவிடுகிறது, மாமியார் அதைப் பாவம் என்று கண்டிக்கிறார் என்கிறீர்கள். பக்தியான வீட்டுக்கு மருமகளாகப் போய், எதிர்த்துப் பேசவும் முடியாமல் தவிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

அது பாவமில்லை. மாற்கு 10ஆம் அதிகாரத்தில் பர்திமேயு என்ற பார்வையற்றவன் வழியோரம் உட்கார்ந்து, ‘இயேசுவே, எனக்கு இரங்கும்’ என்று கூப்பிடுகிறான். சுற்றியிருந்த பலபேர் அவனை அதட்டினார்கள். அவன் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டான். இயேசு நின்று, அவனை அழைத்துவரச் சொன்னார். வலியிலும் பயத்திலும் கூப்பிடுகிறவரை அவர் அதட்டியதாக நான் எங்கும் வாசித்ததில்லை.

நாமத்தை வீணாக வழங்குவது என்றால் எனக்கு நினைவுக்கு வருவது வேறு. எங்கள் அப்பா குடும்ப ஜெபத்தில் ‘உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக’ என்ற இடம் வந்தால் குரலைத் தாழ்த்தி நிதானமாகச் சொல்வார். அவசரத்தில் நாங்கள் முந்திப் போனால், நிறுத்தி மறுபடியும் அந்த வரியிலிருந்து தொடங்கவைப்பார். அப்படிப்பட்டவரிடம் சபையில் மூப்பராக இருந்த ஒருவர் தொழிலுக்கென்று கடன் கேட்டு வந்தார். வேதாகமத்தின் மேல் கையை வைத்து, “கர்த்தர் சாட்சி அண்ணே, திருப்பித் தந்துடுவேன்” என்றார். எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்று அம்மா எவ்வளவோ சொன்னார். கர்த்தர் பேரைச் சொன்னபிறகு கையெழுத்து எதற்கு என்று அப்பா மறுத்துவிட்டார்.

தவணை தாண்டியபின் அப்பா போய்க் கேட்டார். அதற்கு அந்த மனிதர், “அண்ணே, அது காணிக்கைன்னு கர்த்தர் எனக்கு உணர்த்திட்டார்” என்றார். வாசலில் நின்று என் காதால் கேட்டேன். வீட்டுக்கு வந்த அப்பா பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “ஆண்டவர் பேரையாடா இதுக்கு இழுக்கிறான்” என்று மட்டும் சொன்னார்.

பத்துக் கட்டளைகளில் நாமத்தை வீணாக வழங்காதே என்ற கட்டளை முதலில் பிடிப்பது இதைத்தான் என்பது என் துணிபு. (கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் அதை 2ஆவதாகவும் மற்றப் பல சபைகள் 3ஆவதாகவும் எண்ணுகின்றன, அதற்காகச் சண்டைக்கு வர வேண்டாம்.) என் நாமத்தைக் கொண்டு பொய்யாணை இடாதே என்று லேவியராகமம் 19:12 நேராகவே சொல்கிறது. சொந்தப் பேச்சைப் பேசிவிட்டு ‘கர்த்தர் சொன்னார்’ என்கிற தீர்க்கதரிசிகளுக்கு நான் விரோதி என்று எரேமியா 23இல் தேவனே சொல்கிறார். எல்லா மூப்பர்களையும் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு ஞானஸ்நான வகுப்பு எடுத்தவரும் ஒரு மூப்பர்தான், தங்கமான மனிதர்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும். அப்போது சபையார் எங்களிடம் வந்து, சகோதரன்மேல் வழக்குக்குப் போகக் கூடாது என்று 1 கொரிந்தியர் 6ஐக் காட்டினார்கள். சரி, போகவில்லை. ஆனால் அதே அதிகாரத்தின் 8ஆம் வசனத்தில், சகோதரருக்கே நஷ்டம் செய்கிறீர்களே என்று பவுல் கடிந்துகொள்வதை அந்த மனிதருக்கு ஒருவரும் வாசித்துக் காட்டவில்லை. இன்றுவரை ஆறவில்லை எனக்கு.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மாமியாரோடு வாதாடாமல், ஒருநாள் குடும்ப ஜெபத்தில் மாற்கு 10ஐ நீங்களே வாசியுங்கள். அதேசமயம், கூப்பிடும் எண்ணமே இல்லாமல், அரட்டையிலும் கேலியிலும் அந்தப் பேர் வந்து விழுகிறதா என்றும் கவனியுங்கள். விழுகிறது என்றால், அந்த இடத்தில் உங்கள் மாமியார் சொல்வது சரி.